சாம்பல் வேறு, சாம்பல் சத்து வேறு: எண்ணூர் அனல் மின் நிலையங்களின் கதை



பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் என்னை வரப்பிலேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "சார், லாரிக்காரர் ஒருத்தர் வந்து பேசிட்டுப் போயிருக்கார். கரண்டு கம்பெனிச் சாம்பலாம். ஏரிக்கரைப் பள்ளத்து வயல்ல கொண்டாந்து கொட்டித் தர்றேன்னு சொல்றார். காசு கூட வேணாமாம். பள்ளமும் தூர்ந்துடும், சாம்பல் சத்தும் சேர்ந்துடும் இல்லீங்களா? கொட்டச் சொல்லட்டுமா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று நாங்கள்தானே உங்களுக்கு ஆண்டாண்டு காலமாகச் சொல்லி வருகிறோம். சாம்பல் சத்து என்று பெயர் வைத்துவிட்டு, சாம்பலில் அது இல்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? "ரெண்டு நாள் பொறுங்கள் ஐயா, விவரமாகச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். அந்தச் சாம்பல் எங்கே பிறந்தது, ஐம்பது வருடமாக அது எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கதையைத் தெரிந்துகொண்டால், கொட்டலாமா கூடாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

மின்சாரம் வந்த வழி

சென்னைப் பட்டணத்துக்கு முதலில் மின்சாரம் தந்தது பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் இருந்த நிலக்கரி மின் நிலையம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தனியார் கம்பெனி அதை நடத்தியது. 1947ல் சென்னை அரசாங்கம் அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. மாநிலத்தின் மற்றப் பகுதிகளுக்குத் தண்ணீர்தான் மின்சாரம் தந்தது. 1932ல் பைகாரா, 1937ல் மேட்டூர், 1944ல் பாபநாசம் என்று வரிசையாக நீர் மின் நிலையங்கள் வந்தன. 1957ல் மின்சார வாரியம் அமைந்தது. 1962ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் வந்தது.

அந்தக் காலத்தில் நம்முடைய மேற்குப் பக்கம் எப்படி இருந்தது என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். அம்பத்தூர், ஆவடி எல்லாம் ஏரிப் பாசன ஊர்கள். 1949ல் அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி வந்தது. 1961ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்கு ஏற்பாடாகி, 1965 கடைசியில் அங்கே செய்த முதல் டாங்கி வெளியே வந்தது. 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. தொழிற்சாலைக்கு மின்சாரம் வேண்டும். அதே சமயம் நம் கிணறுகளில் ஏற்றமும் கமலையும் போய் ஆயில் எஞ்சின் வந்து, பிறகு மின்சார மோட்டார் வந்தது. அதற்கும் மின்சாரம் வேண்டும். மழை பொய்த்தால் அணையில் தண்ணீர் இருக்காது, கரண்டும் இருக்காது. ஆகவே மழையை நம்பாத ஒரு மின் நிலையம் தேவைப்பட்டது.

அப்படி வந்ததுதான் எண்ணூர் அனல் மின் நிலையம். 1970ல் முதல் எந்திரம் ஓடத் தொடங்கியது. 1975க்குள் ஐந்து எந்திரங்களும் வந்துவிட்டன. மொத்தம் 450 மெகாவாட். கடலோரம், உப்பங்கழி ஓரம், ரயில் பாதை ஓரம் என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வங்காளம், ஒரிசா பக்கத்து நிலக்கரி கப்பலில் ஏறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி எண்ணூருக்கு வந்தது.

அதே 1970ஆம் வருடம் விவசாயிகள் வரலாற்றிலும் மறக்க முடியாத வருடம். பம்புசெட்டு மின் கட்டணத்தை யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்துக் கோவைச் சீமையில் விவசாயிகள் போராடினார்கள். ஜூன் மாதம் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிர் விட்டார்கள். ஒரு பைசா என்று இன்று நினைக்கலாம். அன்று அது உயிர்ப் பிரச்சினை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் ஓடுகின்றன.

நாம் காசு கொடுக்காமல் மின்சாரம் வாங்குகிறோம். அது சும்மா வந்ததில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது. அதை நம்மிடம் யாரும் கேட்கவில்லை. வேறொருவர் கட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு வண்டிச் சாம்பல்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கிணற்றில் 5 குதிரை சக்தி மோட்டார் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் ஓடினால் சுமார் 15 யூனிட் செலவாகும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரி எரிக்க வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மண்ணும் கல்லும் கலந்திருக்கும். நூறு கிலோ எரித்தால் 35 முதல் 40 கிலோ வரை சாம்பலாகவே மிஞ்சும். ஆக நாலு மணி நேரப் பாய்ச்சலுக்கு 10 கிலோவுக்கு மேல் நிலக்கரி, நாலு கிலோ சாம்பல். வருடத்தில் 200 நாள் ஓட்டினால் 800 கிலோ. முழுக்க நிலக்கரி மின்சாரமாகவே வந்தால், ஒரு மோட்டாருக்கு வருடத்துக்கு ஒரு மாட்டு வண்டிப் பாரம் சாம்பல்.

அது நம் வயலுக்கு வரவில்லை. எண்ணூரிலேயே தங்கிவிட்டது.

எண்ணூர் நிலையம் பழசாகிக்கொண்டிருந்தபோதே, முகத்துவாரத்துக்கு வடக்கே அத்திப்பட்டு, புழுதிவாக்கம் பக்கத்தில் வட சென்னை அனல் மின் நிலையம் எழுந்தது. 1994 முதல் 1996க்குள் 210 மெகாவாட் எந்திரங்கள் மூன்று வந்தன. இந்த மூன்றும் முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 10,000 டன் நிலக்கரி வேண்டும். சாம்பல் 4,000 டன் வரை விழும். 2001ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்ததும் நிலக்கரிக் கப்பல்கள் பக்கத்திலேயே வந்து நின்றன. 2012 முதல் 2015க்குள் வல்லூரில் மத்திய அரசு நிறுவனமும் மாநில மின் கழகமும் சேர்ந்து 1,500 மெகாவாட் நிலையம் கட்டின. வட சென்னை நிலையத்தில் 2013, 2014 வாக்கில் இன்னும் 1,200 மெகாவாட் சேர்ந்தது. 2024 மார்ச்சில் 800 மெகாவாட் எந்திரம் ஒன்று தொடங்கி வைக்கப்பட்டது. முதலில் வந்த எண்ணூர் நிலையத்தை 2017 மார்ச்சோடு மூடிவிட்டார்கள். 450ல் தொடங்கியது, இன்று அதே முகத்துவாரத்தைச் சுற்றி 4,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது.

சாம்பல் போன வழி

நிலக்கரியை முகத்துக்குப் பூசும் மாவு போல அரைத்து, காற்றோடு கலந்து கொதிகலனில் ஊதி எரிப்பார்கள். கனமான சாம்பல் அடியில் விழும். இலேசான சாம்பல் புகையோடு பறக்கும். மின்னூட்டம் ஏற்றிய தகடுகள் அதைப் பிடித்து நிறுத்தும். தகடு சரியாக வேலை செய்யாத நாளில் புகைபோக்கி வழியாக அது ஊருக்குள் இறங்கும். எண்ணூரில் காயப் போட்ட துணியிலும், திண்ணையிலும், மூடி வைக்காத சோற்றுப் பானையிலும் சாம்பல் படிந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

பிடித்த சாம்பலில் ஒரு பகுதியைச் சிமென்ட் கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும். மீதியைத் தண்ணீரில் கரைத்து, சேற்றுக் குழம்பாக்கி, இரும்புக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுவார்கள். வட சென்னை நிலையத்தின் சாம்பல் குளம் செப்பாக்கம் கிராமத்தை ஒட்டி இருக்கிறது. குழாய்கள் உப்பங்கழியைத் தாண்டிப் போக வேண்டும். சாம்பல் மணல் போல உரசும் பொருள். குழாயை உள்ளே இருந்தே அறுத்துவிடும். ஓட்டை விழுந்த இடத்தில் எல்லாம் சாம்பல் குழம்பு கொட்டியது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல வருடங்கள் கொட்டியது.

கொட்டியது எந்த ஆற்றில் தெரியுமா? நம் கொசத்தலை ஆற்றில்.

ஆமாம், நம் ஆறுதான். காவேரிப்பாக்கம் ஏரி உபரி நீரிலிருந்து கிளம்பி, நகரி ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கி, ஆவடிக்கு வடக்கே தாமரைப்பாக்கம் அணைக்கட்டையும் காரனோடைப் பாலத்தையும் வல்லூர் அணைக்கட்டையும் தாண்டி எண்ணூரில் கடலில் விழுகிற ஆறு. அம்பத்தூருக்கு வடக்கே புழல் ஏரி நிரம்பி மதகு திறந்தால், அந்த உபரி நீரும் சடையங்குப்பம் வழியாக அங்கேதான் போய்ச் சேரும். நம் பக்கம் பெய்த மழைக்கு வாசல் எண்ணூர். அந்த வாசலில் சாம்பல் மேடு தட்டினால் தண்ணீர் எங்கே போகும்? 2015லும் 2023லும் வெள்ளம் வந்து நின்றபோது வடக்குப் பக்கத்து ஊர்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். அதற்குச் சாம்பல் மட்டும் காரணம் இல்லை. உப்பங்கழியை நிரப்பிக் கட்டிய கட்டடங்களும் காரணம். ஆனால் சாம்பலும் ஒரு காரணம்.

கழியில் வாழ்ந்தவை

விவசாயிக்கு வயல் எப்படியோ, மீனவருக்கு அப்படி உப்பங்கழி. ஆற்று நல்ல தண்ணீரும் கடல் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடம் அது. அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே இறால் குஞ்சுகள் வளரும். மடவை, நண்டு, ஆளி எல்லாம் அங்கே உண்டு. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் வலை போட்டார்கள். இருளர் குடும்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறியை வாயில் கடித்துக்கொண்டு, கையாலேயே தடவி இறால் பிடித்தார்கள். கரையில் உப்பளங்கள் இருந்தன. வடக்கே பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் போன்ற பறவைகளுக்கு இந்தக் கழியும் மேய்ச்சல் காடு.

1996ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் இந்தக் கழியின் சுமார் 6,500 ஏக்கர் பாதுகாக்க வேண்டிய பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. வரைபடம் காகிதத்தில் இருந்தது. சாம்பல் தண்ணீரில் இருந்தது.

சாம்பல் அடியில் படியும்போது என்ன ஆகும் என்பதை வயலோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். நாற்றங்காலில் விதைத்த மறுநாள் ஒரு சாண் உயரத்துக்குச் சவுடு மண்ணைக் கொட்டினால் முளை வருமா? வராது. இறால் குஞ்சுக்கும் புழுவுக்கும் நத்தைக்கும் சேறுதான் நாற்றங்கால். சேற்றின்மேல் சாம்பல் மூடியதும் அவை மூச்சு முட்டிப் போகும். புழு இல்லாவிட்டால் இறால் இல்லை. இறால் இல்லாவிட்டால் மீனும் இல்லை, நாரையும் இல்லை. ஆழமாக இருந்த இடம் மேடாகிவிட்டால் படகு போகாது, வேலியேற்றத் தண்ணீரும் சரியாக உள்ளே வராது. போதாததற்கு மின் நிலையத்தைக் குளிர வைத்த சுடுதண்ணீர் வேறு. ஒரு முறை அந்தக் கரையில் நின்றபோது வயதான மீனவர் ஒருவர் சொன்னார்: "எங்க அப்பா காலத்துல இங்க துடுப்பு தரையைத் தொடாது சார். இப்போ முட்டி நனையாம நடந்து போறேன்."

2023 டிசம்பரில் புயல் மழையோடு மணலிப் பக்கத்து எண்ணெயும் இந்தக் கழிக்குள் வந்தது. கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் பூசிக்கொண்டு பறக்க முடியாமல் நின்ற படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே நலிந்த உடம்புக்கு இன்னொரு அடி.

மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. மறியல் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு, சாம்பல் கசிவால் வந்த சேதத்துக்கு மின் கழகமே பொறுப்பு, ஆற்றைச் சீர் செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பெருமாநல்லூர் விவசாயிகள் ஒரு பைசாவுக்குப் போராடியது போலத்தான் இவர்களும் போராடியிருக்கிறார்கள். நம் போராட்டத்தால் மின்சாரம் கிடைத்தது. அந்த மின்சாரத்தின் சாம்பலை எதிர்த்து அவர்கள் போராட வேண்டி வந்தது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற இடத்தில் பெரிய மின் நிலையம் ஒன்று உண்டு. 2008 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு அதன் சாம்பல் குளக்கரை உடைந்தது. 40 லட்சம் கன மீட்டர் சேறு பாய்ந்து 300 ஏக்கரை மூடியது. அள்ளி முடிக்கப் பல வருடங்கள் ஆயின. நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. அள்ளிய தொழிலாளர்கள் பலர் நோயில் விழுந்து நீதிமன்றம் போனார்கள். பணக்கார நாடே பட்ட பாடு இது.

நம் மோட்டாரும் கடலும்

இத்தனையும் மீனவர் கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் கதையும் அதில் இருக்கிறது. சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும்.

1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் உதவியோடு ஆரணியாறு, கொசத்தலையாறு படுகைகளில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்தில் பழைய ஆற்று மணலுக்குள் நல்ல ஊற்று இருப்பது தெரிந்தது. பட்டணத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் அங்கே ஆழ்குழாய்கள் போட்டார்கள். நாமும் மோட்டார் போட்டோம். மின்சாரம் மலிவு, பிறகு இலவசம். மணிக்கணக்கு பார்க்காமல் ஓடியது. 2000ஆம் வருடத்தை ஒட்டிய வறட்சி ஆண்டுகளில், பயிர் வைப்பதை விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரையே பட்டணத்துக்கு விற்ற விவசாயிகளும் உண்டு.

கடலோரத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் 40 அடி மேலே ஏறி வரும் என்பது விஞ்ஞானக் கணக்கு. 1960களின் கடைசியில் மீஞ்சூர்ப் பக்கம் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோ மீட்டர் வரைதான் உப்பு ஏறியிருந்தது. 1980களில் அது 9 கிலோ மீட்டரைத் தொட்டுவிட்டது. நல்ல நெல் விளைந்த கிணறுகள் உவர்த்துப் போயின. 1987ல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது.

யோசித்துப் பாருங்கள். எண்ணூரில் நிலக்கரி எரிந்தது. அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடியது. மோட்டார் ஓடி ஓடிக் கடலை உள்ளே இழுத்தது. சாம்பல் ஆற்றின் வாயை அடைத்தது. மீனவருக்குக் கழி போனது, கீழ்க்கடை விவசாயிக்குக் கிணறு போனது. பட்டணமும் தொழிற்சாலையும் நம்மைவிட அதிகம் இறைத்தன என்பது உண்மை. அதற்காக நம் பங்கு இல்லை என்று ஆகிவிடாது.

வயலில் கொட்டலாமா?

இப்போது பெரியவர் கேள்விக்கு வருவோம். நம் வீட்டு அடுப்புச் சாம்பல் மரத்திலிருந்து வருவது. மரம் மண்ணிலிருந்து உறிஞ்சிய சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதில் இருக்கும். கீரைப் பாத்தியில் தூவுகிறோம், அசுவினிக்குத் தூவுகிறோம், நல்லது. நிலக்கரிச் சாம்பல் பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்த கரியின் மிச்சம். பெரும்பகுதி மணல் சத்தும் களிமண் சத்தும்தான். தழைச்சத்து கிடையாது. சாம்பல் சத்து இருந்தாலும் பெரும்பாலும் வேர் எடுக்க முடியாத கண்ணாடித் துகளுக்குள் பூட்டிக் கிடக்கும். அதோடு ஆர்சனிக், குரோமியம், காரீயம், பாதரசம் போன்றவை இம்மி அளவில் இருக்கும். போரான் கூடுதலாக இருந்தால் பயிர் நுனி கருகும். மண் பரிசோதனை செய்து, இறுகிய களிமண்ணுக்கோ புளிப்பு மண்ணுக்கோ அளவோடு கலந்து பார்ப்பது ஆராய்ச்சி நிலையத்தார் வேலை. லாரி லாரியாகக் கொட்டிப் பள்ளத்தைத் தூர்ப்பது வேறு. அதுவும் ஏரிக்கரைப் பள்ளத்தில் கொட்டினால், மழைத் தண்ணீரோடு கரைந்து கிணற்றுக்குத்தான் இறங்கும். ஆகவே கொட்டக் கூடாது. எண்ணூர்க் கழி பட்டது போதும், நம் வயலும் பட வேண்டாம்.

அப்படியானால் சாம்பலை என்னதான் செய்வது? செங்கல் செய்யலாம். திருவள்ளூர், பூந்தமல்லிப் பக்கம் சூளைக்கு வயல் மண் விற்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஒரு ஏக்கரில் ஒரு அடி மண் எடுத்தால் நாலைந்து லட்சம் செங்கல் வரும். அந்த ஒரு அடி மேல் மண் மறுபடி சேர நம் பேரன், அவன் பேரன் காலம் கூடப் போதாது. சாம்பலில் செங்கல் அறுத்தால் சாம்பல் கெட்டிப்பட்டுச் சுவருக்குள் அடங்கிவிடும், வயல் மண்ணும் தப்பும். இதற்காகவே 1999 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. அனல் மின் நிலையத்தைச் சுற்றி 50 கிலோ மீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் நூற்றுக்கு 25 பங்காவது சாம்பல் கலக்க வேண்டும் என்றது. எண்ணூரிலிருந்து பார்த்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அந்த வட்டத்துக்குள் வரும். பிற்பாடு வட்டத்தைப் பெரிதாக்கினார்கள். 2021 டிசம்பர் உத்தரவுப்படி மின் நிலையம் தன் சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும். மிஞ்சினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. இலவசச் சாம்பல் லாரி நம் ஊருக்குள் ஏன் வருகிறது என்பது இப்போது புரிகிறதா? எங்கேயாவது கொட்டிக் கணக்கை முடித்துவிட்டால் சிலருக்கு லாபம். அந்த 'எங்கேயாவது' நம் ஏரிக்கரையாக இருக்கக் கூடாது.

நாம் செய்யக் கூடியவை

வீடோ மாட்டுக் கொட்டகையோ கட்டும்போது சாம்பல் செங்கல் கேட்டு வாங்குங்கள். வயலின் மேல் மண்ணைச் சூளைக்கு விற்காதீர்கள்.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாய்ச்சுங்கள். வயலில் ஒரு ஓட்டைக் குழாய் பதித்து, தண்ணீர் மட்டம் அரை அடி இறங்கிய பிறகு மோட்டார் போட்டால் போதும். கதிர் வரும் சமயம் மட்டும் காய விடக் கூடாது. பூ, காய்கறி போடுபவர்கள் சொட்டு நீருக்கு மாறுங்கள். தரமான மோட்டாரும் கெபாசிட்டரும் மாட்டுங்கள். சூரிய சக்தி பம்புக்கு அரசு மானியம் உண்டு. உங்கள் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். நாம் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு யூனிட்டும் அந்தக் கழியில் விழாத கால் கிலோ சாம்பல். நம் கிணற்றில் மிஞ்சுகிற தண்ணீரும் கூட.

இன்னொன்று. காற்றாலை, சூரிய ஒளி என்று மின்சாரம் வரும் வழி இன்று மாறிக்கொண்டிருக்கிறது. மாறும் வரை நிலக்கரி எரியத்தான் செய்யும். அதுவரை, எண்ணூர் மீனவர்கள் ஆற்றை மீட்டுக் கொடு என்று கேட்கும்போது, அது யாரோ கேட்பது என்று இருந்துவிடாதீர்கள். மேல்கடைக்காரன் மதகை அடைத்தால் கீழ்க்கடைக்காரன் வயல் காயும் என்பது நமக்குத் தெரிந்த நியாயம். கொசத்தலை ஆற்றுக்குக் கடைசி மடை எண்ணூர். கடைசி மடைக்காரர் குறையைக் கேட்பது ஊர் வழக்கம்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ எங்க மோட்டார் சாம்பல் இத்தினி வருசமா அவங்க தலையில விழுந்திருக்கு, அப்படித்தானே சார்?" என்றார். லாரிக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பள்ளத்து வயலில் தண்ணீர் நிற்பதால் அதை அப்படியே விட்டு, ஓரத்தில் ஒரு பண்ணைக் குட்டை வெட்டினார். மழைத் தண்ணீர் அங்கே தேங்கி ஊறுகிறது. இந்த நவரைப் பட்டத்துக்கு மோட்டாரை முன்னைவிடக் குறைவாகத்தான் ஓட்டினார்.

சாம்பல் வேறு, சாம்பல் சத்து வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் வந்த வழியை விசாரித்துவிட்டு வயலுக்குள் விடுங்கள்.